மோட்டாரும் எதிர் மின்னியக்கு விசையும்

220 வோல்ட்டில் ஓடும் நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்றன் ஆர்மேச்சர்த் தடை அரை ஓம் எனக் கொள்வோம். ஓம் விதிப்படி அதனில் 440 ஆம்பியர் பாயவேண்டும். ஆயினும் ஓடுங்கால் அம்மீட்டர் காட்டுவது 20 ஆம்பியரே. விதி பொய்த்ததோ? அன்று.

காந்தப் புலக்கோடுகளை வெட்டிச் சுழலும் கம்பியில் மின்னியக்கு விசை பிறக்கும் என்பது 1831-இல் பாரடே கண்ட உண்மை. மோட்டாரின் சுருளும் இதற்கு விலக்கன்று. ஓடும் மோட்டார் டைனமோவுமாகின்றது. அங்ஙனம் பிறக்கும் விசை, 1834-இல் லென்ஸ் வகுத்த விதிப்படி, தன்னை விளைத்த ஓட்டத்தையே எதிர்க்கும். நம் மோட்டாரில் அது 210 வோல்ட். எஞ்சிய 10 வோல்ட்டே 20 ஆம்பியரைச் செலுத்துகின்றது.

இவ்வெதிர்ப்பை நஷ்டமென்பார் உளர்; அது பொருந்தாது. ஆர்மேச்சர் பெறும் 4,400 வாட்டில் 200 வாட்டே சுருளில் வெப்பமாய் ஒழியும். எதிர்விசைக்கெதிராய்ச் செலவாகும் 4,200 வாட்டே, உராய்வு முதலியன போக, நமக்கு வேலையாகக் கிடைக்கின்றது. சுமை இருமடங்காயின் வேகம் சற்றே தளர்ந்து எதிர்விசை 200 வோல்ட்டாகும். ஓட்டம் தானே 40 ஆம்பியராக உயரும். ஏவுவார் இன்றியே நிகழும் இவ்வொழுங்கு வியக்கத்தக்கதன்றோ!

தொடக்கத்திலோ சுழற்சியில்லை, எதிர்விசையுமில்லை. பெருகிப் பாயும் ஓட்டத்தால் சுருளின் காப்புறை கருகும். ஆதலின் ஸ்டார்ட்டரில் 5 ஓம் தடையைத் தொடராக இணைத்து, முதலோட்டத்தை 40 ஆம்பியருக்குள் அடக்குகின்றோம். கைப்பிடியை ஒரே வீச்சில் தள்ளாது, படிதோறும் வேகம் ஏறும்வரை நிறுத்தி நகர்த்தல் வேண்டும். சுமை மிகுந்து மோட்டார் ஓட்டத்திடையே நின்றுவிடினும் இவ்வபாயம் உண்டு. அப்பொழுது அத்தடையும் சுற்றில் இராதாகலின், மின்சாரத்தை உடனே நிறுத்துக.