கோஹா என்ற மொய்: நூலக மென்பொருள் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: திறந்த மூல மென்பொருளுக்குச் செலவே கிடையாது.

உண்மை: உரிமக் கட்டணம் மட்டும்தான் கிடையாது. சர்வர், பேக்கப், பழைய நூற்பட்டியை மாற்றும் வேலை, விவரம் தெரிந்த ஆள் என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பல நாட்டு நூலகங்களில் இன்று ஓடும் கோஹா என்ற திறந்த மூல மென்பொருளே காசு கொடுத்துச் செய்யப்பட்டதுதான். நியூசிலாந்தின் ஹொரோஃபெனுவா நூலக அறக்கட்டளையிடம் இருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்தபோது, 1999இல் கட்டிப்போ என்ற நிறுவனத்தை அமர்த்திப் புதிதாக எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது. தங்கள் காசில் செய்ததைப் பூட்டி வைக்காமல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் கொடை. நம் ஊர் மொய் மாதிரி, வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்வார் என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பராமரிப்புக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்காத நூலகத்தில் அது முடங்கினால் மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம்பிக்கை: இலவசமாகக் கொடுத்தால் அது திறந்த மூலம்.

உண்மை: மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையமான என்.ஐ.சி.யின் இ-கிரந்தாலயா என்ற நூலக மென்பொருள் அரசு நூலகங்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆனால் அதன் மூலநிரல் திறந்ததல்ல. நல்ல சேவைதான், ஒரு திருத்தம் வேண்டுமானால் அவர்களிடம்தான் கேட்டாக வேண்டும்.

நம்பிக்கை: நிரல் வெளியே இருந்தால் வாசகர் விவரமும் வெளியே போய்விடும்.

உண்மை: நிரல் வேறு, தரவு வேறு. கடவுச்சொல்லை மேசையில் ஒட்டி வைப்பதும் பதிப்பைப் புதுப்பிக்காமல் விடுவதும் திறந்தது, மூடியது என இரு வகை மென்பொருளுக்கும் ஆபத்துதான்.

நம்பிக்கை: கம்பெனி மென்பொருள் என்றால் கேட்க ஆள் உண்டு.

உண்மை: கோஹாவுக்குச் சேவை தரும் நிறுவனங்கள் இந்தியாவிலும் உள்ளன. ஒருவர் சரியில்லை என்றால் மென்பொருளை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றலாம். கம்பெனி மென்பொருளில், கம்பெனியே மூடப்பட்டால் அந்த வழியும் மூடிவிடும். திறந்த மூலத்திலும் சச்சரவு உண்டு. கோஹா என்ற பெயருக்கே நியூசிலாந்தில் ஓர் அமெரிக்க நிறுவனம் வணிகமுத்திரை கோரியது. 2013இல் அது நிராகரிக்கப்பட்டது. பெயருக்குத்தான் சண்டை. ஜிபிஎல்லில் இருந்த நிரலை யாரும் பறித்துக்கொள்ள முடியவில்லை.

நம்பிக்கை: திறந்த மூலத்துக்கு மாறிவிட்டால் தரவுச் சிக்கல் தீர்ந்தது.

உண்மை: தமிழ் நூலகங்கள் அடிபடும் இடம் இதுதான். நூல் பதிவுகளை மார்க் 21 வடிவில் எடுத்தால் எந்த நல்ல மென்பொருளுக்கும் கொண்டுபோகலாம். தனியுரிமை மென்பொருளிலும் இதைச் செய்பவை உண்டு. அந்தப் பதிவுக்குள் இருக்கும் தமிழ் எந்தக் குறியேற்றத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் யாருக்கும் படிக்க வராது. அந்த முறையில் கொம்பு உயிர்மெய்க்கு முன்னால் சேமிக்கப்படுகிறது. எனவே தொல்காப்பியம், நெடுநல்வாடை, பெரியபுராணம் மூன்றும் ஒற்றைக்கொம்பில் தொடங்குவதாகக் கணினி எண்ணி, ஒரே இடத்தில் அடுக்கிவிடும். தகர வரிசையில் தொல்காப்பியத்தைத் தேடும் மாணவர் அது நூலகத்தில் இல்லை என்று திரும்பிப் போவார். தமிழக அரசு 2010இல் யூனிகோட் குறியேற்றத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் ஏறிய பதிவுகள் தாமாக மாறிவிடவில்லை. கோஹா யூனிகோடைக் கையாளும். உள்ளே வரும் குப்பையை அதனால் தமிழாக்க முடியாது.

எந்த மென்பொருளானாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் நூறு தமிழ் நூல்களின் பதிவை ஏற்றுமதி செய்து தரச் சொல்லுங்கள். அதை வேறொரு கணினியில், வேறொரு மென்பொருளில் திறந்து, தகரத்தின் கீழ் தொல்காப்பியம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.