ஏககாலமா, ஒன்றன்பின் ஒன்றா?

கேள்வி: பல குற்றங்களுக்குத் தனித்தனியே தண்டனை விதித்துவிட்டு, ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்கிறார்களே! மற்றக் குற்றங்களுக்குத் தண்டனையே இல்லை என்றுதானே ஆகிறது?

பதில்: அப்படி ஆகாது. ஒருவன் பூட்டை உடைத்து வீட்டுக்குள் நுழைகிறான், நகையைத் திருடுகிறான், தடுத்தவரை அடிக்கிறான். சட்டத்தின் கணக்கில் மூன்று குற்றங்கள். நடந்ததோ ஒரே சம்பவம். மூன்றின் சிறைக்காலத்தையும் கூட்டினால் தண்டனை குற்றத்தின் அளவை மீறிவிடும். அதனால்தான் இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் பொதுவாக ஏககாலம் என்கின்றன. மற்றத் தீர்ப்புகள் வீணல்ல: மேல்முறையீட்டில் ஒன்று ரத்தானாலும் மற்றவை அவனைச் சிறையில் வைத்திருக்கும். ஆனால் வெவ்வேறு நாளில் வெவ்வேறு பேரைத் தாக்கியவனுக்கும் இதே சலுகை என்றால் உங்கள் கோபம் நியாயமே. ஒவ்வொருவர் பட்ட வேதனைக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, நீதிபதி ஏககாலம் என்று சொல்லாவிட்டால் தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடும். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவோ, குற்றங்களின் கடுமையைப் பார்த்து எது என்று நீதிபதியே உத்தரவிட வேண்டும் என்கிறது. இது நல்ல மாற்றம், மௌனத்துக்கு இடமில்லை. ஆயுள் தண்டனை மட்டும் தனி. அது வாழ்நாள் முழுமைக்குமானது என்பதால், ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்க முடியாது என்று 2016-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட ஆண்டுகள் கொண்ட சிறைத் தண்டனையை முதலில் அனுபவித்துவிட்டு ஆயுளைத் தொடங்கும்படி உத்தரவிடலாம் என்றும் அதே அமர்வு சொன்னது.