ஒரு மக் தண்ணீர், ஒரு பிளேடு: மும்பை ஆண்களுக்கு வீட்டுச் சவரக் கணக்கு

2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கால் மும்பையின் சலூன்கள் எல்லாம் மூடப்பட்டன. மூன்று மாதம் கழித்து, ஜூன் 28 முதல் திறந்துகொள்ளலாம் என்று மகாராஷ்டிர அரசு சொன்னபோதும் முடிவெட்டலாம், சாயம் பூசலாம், சவரம் மட்டும் கூடாது என்றது. வாரம் இரண்டு நாள் சலூன் நாற்காலியில் சாய்ந்து பழகிய ஆண்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் தாமே ரேசரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. கடைகள் திறந்ததும் பழைய வழக்கமும் திரும்பிவிட்டது. ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கழுத்தைப் பிடிக்கும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் அந்தக் கைப்பழக்கத்தை மீட்டெடுப்பது நல்லது. எதை வீட்டில் செய்வது, எதைக் கடைக்காரரிடம் விடுவது என்று முதலில் பிரித்துக்கொண்டால் போதும்; பணம் அங்கேதான் மிஞ்சுகிறது.

முதல் வேலை, ஒரு தாளில் கணக்குப் போடுவது. சலூனில் ஒரு சவரத்துக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 104 சவரம், 7,280 ரூபாய். வீட்டில் ஒரு பிளேடு ஐந்து சவரத்துக்கு வரும் என்றால் ஆண்டுக்கு 21 பிளேடு போதும். பிளேடு 4 ரூபாய் என்றாலும் 84 ரூபாய்தான். இரண்டு டியூப் கிரீம், ஒரு பிரஷ், ஒரு ரேசர் எல்லாம் சேர்த்தாலும் முதல் ஆண்டில் ஆயிரத்தைத் தாண்டுவது கடினம். இரண்டாம் ஆண்டில் பிரஷும் ரேசரும் வாங்க வேண்டியதில்லை. அவரவர் தெருவின் விலையைப் போட்டுப் பார்த்தால் தொகை மாறும், வித்தியாசத்தின் அளவு அதிகம் மாறாது.

அடுத்தது ரேசர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று, ஐந்து என்று பிளேடுகளை அடுக்கிய ரேசரைச் சலுகை விலையில் வாங்கிவிட்டு, பிறகு மாற்றுத் தலைகளுக்கு ஆண்டு முழுவதும் பணம் கட்டுகிறார்கள். இந்திய ஆணின் சவரம் எப்படிப்பட்டது என்று ஜில்லெட் நிறுவனமே ஒருமுறை பாடம் படித்தது. 2002-இல் இந்தியாவுக்கென்று வெக்டர் என்ற ரேசரைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தியாவில் அது எடுபடவில்லை. அந்த மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது; இங்கே சாமானிய வீடுகளில் ஆண்கள் ஒரு கிண்ணத் தண்ணீரில் சவரம் செய்தார்கள், பிளேடுகளின் இடுக்கில் முடி அடைத்துக்கொண்டது. அதன்பின் ஆய்வாளர்கள் இந்திய வீடுகளுக்கே வந்து உட்கார்ந்து பார்த்து, ஒற்றை பிளேடு கொண்ட கார்டு ரேசரை 2010-இல் 15 ரூபாய்க்கு விட்டார்கள். மாற்றுத் தலை 5 ரூபாய்.

காலையில் சில மணி நேரமே குழாயில் தண்ணீர் வரும் தாராவி வீடுகளுக்கு இந்தக் கதை இன்றும் பொருந்தும். முடி அடைக்காத ஒற்றை பிளேடுதான் சரி. கார்டு மாதிரி ரேசர் கற்றுக்கொள்பவருக்கு எளிது. இருபுறக் கூர் பிளேடு மாட்டும் பழைய செட் ரேசருக்குக் கை பழக ஒரு மாதம் ஆகலாம், ஆனால் அதைவிட மலிவாக எதுவும் இல்லை. மடக்குக் கத்தியை வீட்டில் பழக வேண்டாம். அது தொழில் தெரிந்த கைக்கு உரியது.

இனி சவரம். குளித்து முடித்த கையோடு செய்வது உத்தமம். ஊறிய முடி மென்மையாக இருக்கும். குளிக்கும் முன்பே செய்வதானால் வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் ஒரு நிமிடம் வைத்தால் போதும். பாட்சா, தான்சா, வைதர்ணா ஏரிகளிலிருந்து வரும் மாநகராட்சித் தண்ணீரில் நுரை தாராளமாக எழும். பட்டாணி அளவு கிரீமை ஈரப் பிரஷில் எடுத்து வட்ட வட்டமாகத் தேய்த்தால் முகம் முழுவதும் மூடிவிடும். டேங்கர் தண்ணீரோ போர் தண்ணீரோ உப்பாக இருந்தால் மட்டும் கிரீம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மக் தண்ணீரை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: பாதி ரேசரை அலச, பாதி கடைசியில் முகம் கழுவ.

முதல் சுற்று முடி வளரும் திசையிலேயே போகட்டும். கிருதாவிலிருந்து தாடை வரை கீழ்நோக்கி, குட்டையான இழுப்புகள். ரேசரை அழுத்தவே கூடாது, அதன் எடையே வெட்டும். கழுத்தில் முடி பக்கவாட்டில் திரும்பி வளரும்; விரலால் தடவிப் பார்த்துத் திசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் கடைசியாகச் செய்யும் எதிர்ச் சவரம் வழவழப்பைத் தரும், உண்மைதான். ஆனால் சுருட்டை முடிக்காரர்களுக்கு அதனால் முடி தோலுக்குள்ளேயே வளைந்து கழுத்தில் பொரிப்பொரியாக வரும். தினம் அலுவலகம் போகிறவருக்கு நுரையை மறுபடி பூசிப் பக்கவாட்டில் ஒரு சுற்று போதும்.

ஆஃப்டர் ஷேவ் பாட்டிலுக்குச் செலவிட வேண்டியதே இல்லை. கிரானா கடையில் ‘பிட்கரி’ என்று கேட்டால் படிகாரக் கட்டி கிடைக்கும். திருஷ்டிக்காகக் கடை வாசலில் கட்டுகிறார்களே, அதே படிகாரம்தான். ஈரமுகத்தில் லேசாகத் தேய்த்தால் தோல் இறுகும், சின்னக் கீறலின் ரத்தம் நிற்கும். ஒரு நிமிடம் விட்டுக் கழுவி, தோல் வறண்டால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவலாம். ஒரு கட்டி பல மாதம் வரும். கட்டியையும் ரேசரையும் அப்பா, மகன், தம்பி என்று ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் ரத்தம் பட்ட பிளேடு வழியாகப் பரவக்கூடியவை.

மும்பையில் பிளேடுக்குப் பெரிய எதிரி மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை குளியலறை அலமாரியில் வைத்த பிளேடு சவரத்தால் தேய்வதைவிட ஈரத்தால் வேகமாகக் கெடும். அலசி, உதறி, துடைக்காமல் காற்றில் உலரவிட்டு, குளியலறைக்கு வெளியே வைக்க வேண்டும். துணியால் துடைத்தால் கூர் மழுங்கும், விரலும் வெட்டும்.

தாடி வைப்பவருக்கு டிரிம்மர் லாபம். காய்ந்த தாடியில் பெரிய அளவுச் சீப்பில் தொடங்கிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குறைத்ததைக் கூட்ட முடியாது. அதே டிரிம்மரால் காதோரத்தையும் பிடரியையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மனைவியோ தம்பியோ ஒதுக்கிவிட்டால், மூன்று வாரத்துக்கு ஒரு முடிவெட்டு என்பது ஐந்து வாரமாகும். ஆண்டுக்குப் பதினேழு முறை பத்தாகும்.

முழு முடிவெட்டைச் சலூன்காரரிடமே விடலாம். பின்தலையைத் தானே பார்த்து வெட்ட யாராலும் முடிவதில்லை. கோணலானதைச் சரிசெய்யப் போனால் மொட்டைதான் மிஞ்சும். அவருடைய கைத்திறனுக்குக் கொடுக்கும் காசு வீண் அல்ல. புது பிளேடைக் கண்ணெதிரே மாற்றச் சொல்லிக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம்.

வாங்கும்போது அட்டையில் அச்சிட்டிருக்கும் ஒரு கிராம், ஒரு மில்லி விலையைப் பார்க்க வேண்டும். பெரிய பாட்டில்தான் மலிவு என்பது ஷாம்பூவில் பல சமயம் பொய். சின்னப் பாக்கெட்டில் விற்கலாம் என்று கடலூர் சின்னிகிருஷ்ணன் காட்டிய வழியில் அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார்; அந்தச் சின்னப் பாக்கெட் இன்றும் மில்லிக் கணக்கில் பாட்டிலைத் தோற்கடிப்பதுண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஷேவிங் கிரீம், ஷாம்பூ, தலை எண்ணெய், சோப்புக்கட்டி மீதான ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகிவிட்டதால், பழைய விலை சொன்னால் கேள்வி கேட்கலாம்.

தலைச்சாயம் வீட்டிலேயே பூசலாம். ஆனால் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டுத் தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே. முன்பு ஒத்துக்கொண்ட சாயமும் பிறகு ஒவ்வாமையைக் கொண்டுவரலாம். அரிப்போ வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

கடைசி வேலை, தேய்ந்த பிளேடு. அதைக் குப்பையில் அப்படியே போடுவது பெரிய பாவம். ஊரெல்லாம் எறியும் பிளாஸ்டிக்கும் தகரமும் தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில் மனிதக் கைகளால்தான் பிரிக்கப்படுகின்றன. காலியான பவுடர் டப்பாவிலோ தகர டப்பாவிலோ ஒரு கீறல் போட்டு அதற்குள் பிளேடுகளைப் போட்டுவர வேண்டும். நிறைந்ததும் வாயை டேப்பால் சுற்றி, மேலே ‘பிளேடு’ என்று மராத்தியிலோ இந்தியிலோ எழுதி, குப்பை எடுக்க வருபவரிடம் சொல்லித் தனியாகக் கையில் கொடுக்க வேண்டும்.