மலைகளை அளந்த மேஜர் ஸ்கின்னர்

கணிதப் பிரிவில் படிக்கும் நாம் சைன் விதியைப் பாடமாக்கி வைத்திருக்கிறோம். அது எதற்கு என்று கேட்காத மாணவி இல்லை. இறம்பொடையைச் சுற்றி நிற்கும் மலைகளே அதற்கு விடை சொல்லும். அம்மலைநாட்டை அளந்தவர்களில் ஒருவர் தோமஸ் ஸ்கின்னர்.

1804 இல் நியூபவுண்ட்லாந்தில் பிறந்த அவர், பள்ளிப் படிப்போடு சிறுவனாகவே இலங்கைக்கு வந்து இராணுவத்தில் சேர்ந்தார். 1820 இல் கண்டி வீதியின் ஒரு பகுதியை அமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது பதினாறு. என்னைவிட ஒரு வயது குறைவு! பொறியியல் பட்டம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. செய்துகொண்டே கற்றார்.

பின்னர் மலைநாட்டை அளக்கும் பணி வந்தது. ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலுமுள்ள கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றைய பக்கங்களைக் கணித்துவிடலாம். ஆகவே ஓர் உச்சியில் கருவியை நிறுத்தி அடுத்த உச்சிகளை நோக்கிக் கோணம் அளந்தார்கள். நடுவில் உள்ள பள்ளத்தாக்கில் சங்கிலி பிடிக்கத் தேவையில்லை. ஆனால் உச்சிக்கு ஏற வேண்டுமே! அடர்காட்டில் யானைகள் போட்ட தடங்களே அவருக்குப் பாதையாயின. இத்தகைய அளவைகளைக் கொண்டே ஜெனரல் பிரேசரின் இலங்கைப் படம் உருவாகி, 1862 இல் இலண்டனில் வெளியானது. பொதுவேலைகளுக்குத் தலைவராக விளங்கிய ஸ்கின்னர் 1867 இல் ஓய்வுபெற்றார். அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். ஸ்கின்னர் 1877 இல் காலமானார்.

இந்த அளவைக்கு மற்றொரு முகமும் உண்டு. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால், உரிமை காட்ட முடியாத நிலங்கள் அரசுக்குச் சொந்தமாகி, கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. அளந்து எல்லை போட்ட நிலம் கைமாறியது. அதில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் சந்ததியில் பலருக்கு, தாம் வாழும் லயத்து மண்ணுக்கு இன்றும் உறுதி இல்லை. உறுதி எழுத முதலில் அந்தத் துண்டை ஒருவர் அளந்து படம் வரைய வேண்டும்.

நில அளவையாளராக விரும்புகிறேன் என்றபோது, "பொம்புளப் புள்ளைக்குக் காடு மேடு அலையிற தொழிலா?" என்று வாப்பா கேட்டார். இன்று செய்மதியும் கணினியும் துணைக்கு இருக்கின்றன. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனிப் பீடமே உண்டு. பெற்றோரே, அன்று அந்நியர் ஒருவர் அளந்த மலைகளை, இங்கேயே பிறந்த பிள்ளைகள் இங்குள்ள மக்களுக்காக அளக்க வேண்டாமா?