பட்டணத்துப் பாஸ்: வாங்குமுன் ஒரு கணக்கு

உத்திரமேரூரிலிருந்து குடும்பத்தோடு சென்னையைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிற கிருகஸ்தர், நாள் முழுதும் இஷ்டம்போல் ஏறி இறங்கலாம் என்ற வாசகத்தில் மயங்கிப் பாஸுக்குப் பணம் நீட்டுவதற்கு முன்னால், உண்மையில் போகப்போகும் இடங்களைக் காகிதத்தில் எழுதி, தனித்தனி டிக்கெட்டுகளின் விலையைக் கூட்டிப் பார்ப்பது உத்தமம். சென்னை மெட்ரோவின் ஒரு நாள் அட்டை, திரும்பக் கிடைக்கும் 50 ரூபாய் முன்பணம் நீங்கலாக, 100 ரூபாய்க்கு விற்ற கணக்கையே திருஷ்டாந்தமாகக் கொள்வோம்: 2021-இல் கட்டணம் குறைந்தபின் மிக நீண்ட பயணத்துக்கே 50 ரூபாய்தான் என்றிருக்க, போக ஒன்று, வர ஒன்று என ஏறுகிறவருக்கு அதில் நயாபைசா லாபமில்லை, மூன்றாவது நெடும்பயணம் இருந்தால்தான் அட்டை பிரயோஜனப்படும்.

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 முதல் ஸ்திரீகளுக்குக் கட்டணமே கிடையாதாகையால், அவற்றை மட்டும் நம்பிப் போகும்போது அவர்களுக்கும் பாஸ் வாங்குவது வீண் விரயம்.

மாமல்லபுரத்திலோ கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே சீட்டு. ஆகவே முதலில் பார்த்த இடத்திலேயே அதைக் கசக்கி எறிந்துவிடலாகாது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டே வேண்டாம்.

நம்மூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைக் காணவோ, காஞ்சி கைலாசநாதரைத் தரிசிக்கவோ கட்டணம் ஏதுமில்லை. செருப்பைக் காக்கிறவருக்குச் சில்லறை இருந்தால் போதும்.