ஐயாயிரம் ரூபாய் கேட்ட ஊர்

அன்பு மகளே,

"பாதாளச் சாக்கடைக்கு அரசே முழு மானியமும் கொடுத்துவிட்டால் மக்களிடம் எதற்கு ஐயா பணம் கேட்க வேண்டும்?" என்று எழுதியிருந்தாய். நீ படிக்கிறவள், கேட்கலாம். திட்டம் தீட்டவென்று சம்பளம் வாங்குகிறவர்களும் இதையே கேட்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மானியம் குழாயைப் புதைத்துவிட்டுப் போய்விடும். கழிவுநீரை ஏற்றி இறைக்கும் மோட்டாருக்கு மாதம் தவறாமல் கரண்ட் பில் வரும். அடைப்பு எடுக்க இயந்திரம் வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில் சேரும் கசடை அள்ள வேண்டும். யானையை இனாமாக வாங்கிய கோயிலில் தீனிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லோரும் கோபுரத்தைப் பார்ப்பார்கள், அந்தக் கதைதான். திட்ட அறிக்கையின் கடைசியில் ஒப்புக்கு ஒரு பராமரிப்பு அட்டவணை இருக்கும். நீ அதை முதல் பக்கத்தில் எழுது. மாதச் செலவு என்ன, வீட்டுக்கு என்ன கட்டணம், எத்தனை வீடு உண்மையில் கட்டும் என்று தெரிந்த பிறகுதான் குழாயின் விட்டத்தைப் பற்றியே பேச வேண்டும். பொறியாளர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இப்படி முதலிலேயே மக்களிடம் பணம் கேட்ட ஆலந்தூர் என்ற ஊரின் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை அது தனி நகராட்சி. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், நிரம்பினால் லாரி. 1996இல் தலைவரான ஆர்.எஸ். பாரதி பாதாளச் சாக்கடை கொண்டுவர நினைத்தார். திட்ட மதிப்பு சுமார் 34 கோடி ரூபாய். அரசு தரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. குழி தோண்டுவதற்கு முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கேட்டார்! தெருத் தெருவாகப் போய், குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிப் பேசினார்கள். இணைப்பு வந்ததும் வீடுகளுக்கு மாதம் 150 ரூபாய் என்பதையும் மறைக்கவில்லை. ஓட்டுக் கேட்கிற ஒருவர் இப்படிச் செய்தார் என்பதை இன்றும் பலர் நம்பமாட்டார்கள்.

அந்த டெபாசிட்டால் கடன் குறைந்தது. அதைவிடப் பெரிது, இந்த ஊர் பணம் கட்டும் என்று கடன் கொடுப்பவருக்கு அது காட்டிவிட்டது. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் கடன் கொடுத்தது, மானியம் மிச்சப் பள்ளத்தை நிரப்பியது. மானியத்துக்கு உரிய இடம் அந்தப் பள்ளம்தான். அதிலேயே அஸ்திவாரம் போடாதே. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தம் முதலீட்டில் கட்டி, நடத்தி, பின்னர் ஒப்படைப்பது என்று ஏற்பாடு. மாதக் கட்டணம் நிச்சயமாக வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் எந்த ஒப்பந்தக்காரரும் அதற்கு வந்திருக்கமாட்டார்.

இது ஒன்றும் புதிய வித்தையும் அல்ல. லண்டன் சாக்கடையைப் பற்றி ஸ்டீபன் ஹாலிடே எழுதிய புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது, வந்தால் எடுத்துப் போ. 1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகு, 30 லட்சம் பவுண்டு கடன் வாங்க அனுமதித்தார்கள். எல்லோரும் பேசல்கெட் என்ற பொறியாளரைத்தான் கொண்டாடுகிறார்கள். நான் அடிக்கோடிட்டு வைத்திருப்பது வேறு வரி: அந்தக் கடனை லண்டன்வாசிகள் நாற்பது ஆண்டுகள் வரி கட்டி அடைப்பது என்ற ஏற்பாடு. அனுபவிக்கப் போகும் பேரன்களும் கொஞ்சம் கட்டட்டும் என்பது நியாயம்தானே?

ஆலந்தூரில் வீடுகள் நெருக்கம், சென்னையின் வாசல், சின்ன ஊருக்கு இது நடக்குமா என்று நீ அடுத்துக் கேட்பாய். அப்படியே நடக்காது. சின்ன ஊர்கள் கடன் கேட்டுத் தனியாகப் போனால் எந்தக் கடன் சந்தையும் அவற்றைத் திரும்பிப் பார்க்காது. அதனால்தான் 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சிறு நகரங்கள் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்து, கூட்டு நிதியம் ஒன்றின் வழியாகச் சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிட்டார்கள். அங்கும் அடைக்கிற பணம் ஊரிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

ஏழை வீடுகள் என்ன செய்யும் என்பது நியாயமான கேள்வி. அவர்களுக்குத் தவணை வை, கட்டணத்தைக் குறை, கடைகளிடம் கூடுதலாக வாங்கு. ஆனால் ஏழையின் பெயரைச் சொல்லி மூன்று மாடி வீட்டுக்காரர் இலவசமாக இணைப்பு வாங்கிப் போவதை நிறுத்து.

உன் நகராட்சியின் கடந்த மூன்றாண்டு மின்கட்டண ரசீதுகளையும் சொத்துவரி வசூல் பட்டியலையும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. வரைபடம் இப்போதைக்கு வேண்டாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்