நத்தார் வாரத்திற்கு முன் வயலும் தோட்டமும்

வடக்கு, கிழக்கு மாகாணங்களிற் காலபோகப் பயிர் பெரும்பாலும் மாரிமழையை நம்பியே செய்கைபண்ணப்படுகின்றது. ஒற்றோபர், நவெம்பர் மாதங்களிற் பிற்பகலில் இடியுடன் பெய்யும் மழை, டிசெம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று நிலைகொள்ள, இரவு பகலென்ற வேறுபாடின்றி விட்டுவிட்டுப் பெய்யும் மழையாக மாறும். இம்மாற்றம் நிகழுங் காலமே வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் தோன்றுங் காலமுமாகும்.

இலங்கையைத் தாக்கிய சூறாவளிகளுட் பெரும்பாலானவை இவ்விரு மாதங்களிலேயே வந்தன. 1978 நவெம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னந்தோட்டங்களைச் சாய்த்துச் சென்றது. 1964ஆம் ஆண்டுச் சூறாவளி திருகோணமலைப் பகுதியிற் கரையேறியது டிசெம்பர் 22ஆந் திகதி. நத்தாருக்கு மூன்று நாள்களே இருந்தன. பல குளக்கட்டுகளை உடைத்த 1957ஆம் ஆண்டு வெள்ளமும் டிசெம்பர் பிற்பகுதியிலேயே நிகழ்ந்தது. 2008 நவெம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பயிரழித்தது காற்றன்று, மழையே. ஆகவே சூறாவளி என்ற சொல் வானொலியிற் கேட்கும்வரை காத்திருத்தல் தவறு. சாதாரண தாழமுக்கமும் வயலை மூழ்கடிக்கப் போதியது.

நத்தார் வாரத்திற் கமக்காரர் பலர் உறவினர் வீடு செல்வர். கந்தோர்கள் மூடியிருக்கும், கூலியாட்கள் கிடையார். நாட்காட்டியிற் சிவப்பெழுத்தில் அச்சிட்ட நாள் எதுவென்று மழைக்குத் தெரியாது. ஆதலின் புறப்படுவதற்கு முன்னுள்ள மூன்று நான்கு நாள்களே வேலைக்குரியவை.

வானிலை அறிக்கையில் 100 மில்லிமீற்றர் மழை எதிர்பார்க்கப்படுகின்றதெனக் கூறின், அதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். அவ்வளவு மழை ஓர் ஏக்கர் வயலில் ஏறத்தாழ நான்கு இலட்சம் லீற்றர் நீராகும். வரம்பு 15 சென்றிமீற்றர் உயரமுடையதாய், வயலில் முன்னரே 7 சென்றிமீற்றர் நீர் நிற்குமாயின், அம்மழை வரம்பின் மேலாகப் பாய்ந்து அதனை அறுத்துவிடும். எனவே அறிக்கை கேட்டவுடன் வக்கடைகளைத் திறந்து நிற்கும் நீரைக் குறைத்து, வடிகாலிற் படர்ந்த புல்லையும் சேற்றையும் அகற்றுதல் வேண்டும். தன் வயலின் வடிகாலை மட்டும் துப்புரவாக்குவதாற் பயனில்லை. கீழ் வயற்காரரின் வாய்க்கால் அடைபட்டிருப்பின் நீர் திரும்பி வரும். இதனாலேயே அயலவர் கூடிச் செய்தல் நன்று.

யூரியாவை மழைக்கு முதல் நாள் இடுதல் பணத்தை வாய்க்காலில் விடுவதற்கு ஒப்பாகும். விடுமுறைக்கு முன் வேலையை முடித்துவிடலாமென்று பலர் இத்தவற்றைச் செய்கின்றனர். ஒரு வாரம் பிந்தி இட்டால் ஏற்படும் நட்டம், கழுவுண்ட பசளையின் நட்டத்திலும் சிறிது.

ஒற்றோபர் நடுப்பகுதியில் விதைத்த மூன்று, மூன்றரை மாத இனங்கள் நத்தாரையடுத்துக் கதிர்தள்ளிப் பூக்கத் தொடங்கும். நெற்பூ பெரும்பாலும் முற்பகலிலேயே விரியும். அவ்வேளையில் நாடோறும் மழை பெய்யின் சப்பி மிகும். இதற்குப் பரிகாரம் எதுவுமில்லை. அயல் வயல்களெல்லாம் ஒரே நாளில் விதைக்கப்படாதிருப்பின் நட்டம் பங்கிடப்படும் என்பது மட்டுமே ஆறுதல். ஆயினும் நீர்ப்பங்கீட்டிற்கும் பூச்சி கட்டுப்பாட்டிற்கும் அது இடையூறாகலாம்.

மரக்கறித் தோட்டத்தில் நிலைமை வேறு. மிளகாய், தக்காளி ஆகியவற்றின் வேர் ஒரு நாள் நீரில் நின்றாலும் வாடும்; வெங்காயம் அழுகும். குடாநாட்டின் செம்மண் விரைவில் நீரை உறிஞ்சும்; களித்தரையில் அவ்வாறன்று. அங்கே பாத்திகளை 15 சென்றிமீற்றராவது உயர்த்தி, இடையே சால் அமைத்தல் வேண்டும். நாற்றுமேடையைக் கிடுகினால் மூடலாம். ஆனால் மழை விட்டவுடன் கிடுகை அகற்றாவிடின் நாற்றழுகல் நோய் பரவும். எனவே ஊரை விட்டுச் செல்பவர் வீட்டிலிருக்கும் ஒருவரிடம் இப்பணியை ஒப்படைத்துச் செல்லல் வேண்டும்.

வெள்ளம் வடிந்தபின் மறுநாளே பசளையிடலாகாது. புதிய இலை வந்தபின்னரே இடுதல் வேண்டும். வானம் வெளுத்து இரவிற் குளிரும் பனியும் மிகும்போது, எரிபந்தம் தோன்றுகின்றதா எனக் காலையில் வயலைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். இலையிற் கண் வடிவில், நடு சாம்பல் நிறமும் ஓரம் கபில நிறமுமான புள்ளிகள் காணப்படின், விவசாயப் போதனாசிரியருக்கு உடனே அறிவித்து, அவர் வரும்வரை யூரியா இடுவதை நிறுத்திவைத்தல் வேண்டும்.